படமும் கதை சொல்ல வேண்டும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

குழந்தைகளுக்குக் கதை எழுதி, அதற்குப் படமும் வரைகிறவள் என்ற முறையில் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதித் தரும்படி ஆசிரியர் கேட்டுக்கொண்டார். ஒரே பொருளில் வந்த கடிதங்களைச் சேர்த்து ஒரு கேள்வியாக்கியிருக்கிறேன்.

நீங்கள் முதலில் எழுதுவீர்களா, வரைவீர்களா?
– ஒரு கல்லூரி மாணவி

முதலில் காகிதத்தை மடிப்பேன். எட்டுத் தாள்களை ஒன்றாக அடுக்கி நடுவில் மடித்து, மடிப்பில் இரண்டு இடத்தில் ஊசியால் குத்தி நூல் கோத்தால் முப்பத்திரண்டு பக்கங்கள் கிடைக்கும். இந்த மாதிரிப் புத்தகத்தைத்தான் எங்கள் தொழிலில் 'டம்மி' என்கிறோம். கதையைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி அதில் தற்காலிகமாக ஒட்டுவேன். பக்கத்திலேயே பென்சிலால் கட்டைவிரல் அளவுக்குக் கிறுக்குவேன். பிறகு வாய்விட்டுப் படித்துக்கொண்டே பக்கங்களைப் புரட்டுவேன். எங்கே கை தானாகப் புரட்டத் துடிக்கிறது, எங்கே தயங்குகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். கண்ணாமூச்சி விளையாடும் ஒரு குட்டியானையைப் பற்றி எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பிரதியில் இப்படி வரும்: 'குட்டியானை ஒரு மெல்லிய மரத்தின் பின்னால் ஒளிந்துகொண்டது. அதன் பெரிய உடம்பு இரண்டு பக்கமும் வெளியே தெரிந்தது. ஆனாலும் தன்னை யாரும் பார்க்கவில்லை என்று அது நினைத்துக்கொண்டது.' வாக்கியங்களில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் படம் வரைந்த பிறகு இவற்றில் பெரும்பகுதிக்கு வேலையே இல்லை. மெல்லிய மரம் படத்தில் இருக்கிறது. வெளியே துருத்திக்கொண்டிருக்கும் வயிறும் வாலும் படத்தில் இருக்கின்றன. இறுக மூடிய கண்களும் இருக்கின்றன. எனவே எழுத்தில் ஒரே வரி போதும்: 'குட்டியானையை யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.'

இப்போது என்ன நடக்கிறது பாருங்கள். எழுத்து ஒன்றைச் சொல்கிறது. படம் அதை மறுக்கிறது. இன்னும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத மூன்று வயதுக் குழந்தை, 'இதோ இருக்கிறதே!' என்று கத்துகிறது. படித்துக் காட்டும் பெரியவரைவிடத் தனக்கு அதிகம் தெரிந்துவிட்டது என்ற பெருமை அதன் முகத்தில் வருகிறது. இந்தப் பெருமையைக் குழந்தைக்குக் கொடுப்பதுதான் என் வேலை என்று நான் நம்புகிறேன். படம் சொல்லிவிட்டதை எழுத்தும் சொன்னால் அந்த இடம் பறிபோய்விடும்.

படநூல்கள் ஏன் பெரும்பாலும் 32 பக்கங்களில் வருகின்றன?
– அச்சுத் துறையில் ஆர்வமுள்ள ஒரு வாசகர்

பெரிய அச்சுத்தாளில் ஒரே நேரத்தில் எட்டு அல்லது பதினாறு பக்கங்கள் அச்சாகி, பிறகு மடிக்கப்பட்டு ஒரு 'பாரம்' ஆகிறது. எனவே பக்க எண்ணிக்கை எட்டின் மடங்காக இருந்தால் காகிதம் வீணாகாது. படநூலுக்கு முப்பத்திரண்டு வசதியான அளவு என்று ஆகிவிட்டது. 24, 40 பக்க நூல்களும் உண்டு.

தலைப்புப் பக்கம், பதிப்பு விவரப் பக்கம், காணிக்கைப் பக்கம் எல்லாம் போகக் கதைக்குப் பன்னிரண்டிலிருந்து பதினான்கு எதிரெதிர்ப் பக்க இணைகள் கிடைக்கும். இந்தக் கட்டுப்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு கதையில் எத்தனை முறை பக்கம் புரளும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது; ஒவ்வொரு புரட்டலுக்கும் ஒரு காரணம் வைத்தாக வேண்டும். கேள்வி வலப்பக்கத்தின் கடைசியில் வர வேண்டும். பதில் புரட்டிய பிறகே தெரிய வேண்டும்.

பக்கத்தைக் கதையாகவே மாற்றியதற்கு அமெரிக்க ஓவியர் மாரிஸ் சென்டாக் 1963-இல் வெளியிட்ட 'வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்' என்ற படநூலைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியாது. குறும்பு செய்து அறைக்குள் அனுப்பப்பட்ட ஒரு சிறுவனின் கதை அது. தொடக்கத்தில் படங்கள் சிறியவை, சுற்றிலும் வெள்ளை ஓரம். சிறுவனின் கற்பனை வளர வளரப் படமும் வளர்ந்து ஓரங்களை விழுங்குகிறது. உச்சத்தில் மூன்று இணைப் பக்கங்களுக்கு ஒரு சொல்கூட இல்லை. பிறகு சொற்கள் திரும்பி வருகின்றன. கடைசிப் பக்கத்தில் படமே கிடையாது, ஒரு சிறு வரி மட்டும். எழுத்தும் படமும் ஒருவருக்கொருவர் இடம் விட்டுக் கொடுப்பதை இங்கே கண்ணால் பார்க்கலாம்.

எனக்கு வயது நாற்பத்தெட்டு. ஓவியக் கல்லூரியில் படித்ததில்லை. இனிமேல் இந்தத் துறைக்கு வரலாமா?
– ஓர் அலுவலக ஊழியர்

தாராளமாக வாருங்கள். லியோ லியோனி என்ற கலைஞர் 1910-இல் பிறந்தவர். அமெரிக்காவில் ஒரு வணிகப் பத்திரிகையின் கலை இயக்குநராக இருந்தார். ஒரு ரயில் பயணத்தில் பேரக்குழந்தைகள் பொறுமையிழந்து ஆட்டம் போட்டபோது, கையில் இருந்த இதழிலிருந்து வண்ணத் துண்டுகளைக் கிழித்து, நீலத்தையும் மஞ்சளையும் இரண்டு நண்பர்களாக்கிக் கதை சொன்னார். அதுவே 1959-இல் அவருடைய முதல் படநூலாக வந்தது. அப்போது அவருக்கு வயது நாற்பத்தொன்பது. அதற்குப் பிறகு அமெரிக்காவின் படநூல் ஓவிய விருதான கால்டிகாட்டில் நான்கு முறை சிறப்புத் தகுதி பெற்றார். அந்த முதல் நூலில் முகம் இல்லை, கை கால் இல்லை. கிழித்த காகிதத் துண்டுகள் மட்டுமே. ஆனாலும் நீலம் எப்போது அழுகிறது, எப்போது துள்ளுகிறது என்று குழந்தைக்குத் தெரிந்துவிடுகிறது. துண்டுகள் பக்கத்தில் எங்கே நிற்கின்றன, எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்பதே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது.

அவர் பயிற்சி இல்லாதவர் அல்லர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வடிவமைப்பில் பல்லாண்டு கை பழகியவர். கல்லூரி கட்டாயமில்லை; பயிற்சி கட்டாயம். தினமும் நகர்கிற உயிர்களை வரையுங்கள். உட்கார்ந்து காட்டுகிற மாதிரிகளை விட, ஓடும் குழந்தை, சோம்பல் முறிக்கும் பூனை, மூட்டையைத் தோள் மாற்றும் மனிதர். முகத்தை விட்டுவிட்டு முதுகிலேயே ஒருவரின் மனநிலையைக் காட்ட முடிகிறதா என்று பாருங்கள். படநூலுக்கு அந்தத் திறமைதான் முதலில் தேவைப்படும்.

நான் எழுதுவேன்; வரையத் தெரியாது. என் தோழி நன்றாக வரைவாள். அவளிடம் படம் வாங்கிச் சேர்த்துப் பதிப்பகத்துக்கு அனுப்பலாமா?
– பள்ளி ஆசிரியை ஒருவர்

தோழி தொழில்முறை ஓவியராக இல்லாவிட்டால் வேண்டாம். கதையை மட்டும் அனுப்புங்கள். பெரும்பாலான பதிப்பகங்கள் கதையை ஏற்ற பிறகு ஓவியரைத் தாங்களே தேர்ந்தெடுக்கின்றன. படம் பிடிக்காவிட்டால் கதையும் சேர்ந்து திரும்பி வரும் ஆபத்து இருக்கிறது.

இன்னொன்று: 'இங்கே சிவப்புச் சட்டை போட்ட சிறுவன், இடது பக்கம் ஜன்னல்' என்று ஒவ்வொரு பக்கத்துக்கும் குறிப்பு எழுதாதீர்கள். குட்டியானையின் உடம்பு வெளியே தெரிகிறது என்பதுபோல, எழுத்தில் இல்லாமல் கதைக்கு இன்றியமையாததை மட்டும் ஒரு வரியில் குறித்தால் போதும். மற்றதை ஓவியர் சிந்திக்கட்டும். நீங்கள் நினைத்தே பார்க்காத ஒரு நாய்க்குட்டி உங்கள் கதைக்குள் வந்து, கடைசிப் பக்கம் வரை ஒரு தனிக் கதையை நடத்திக்கொண்டு போகலாம்.

எல்லாப் பக்கத்திலும் ஒரே முகம் வருவதுபோல எப்படி வரைகிறீர்கள்? நான் வரைந்தால் இரண்டாவது பக்கத்தில் வேறு பெண் மாதிரி ஆகிவிடுகிறது.
– பத்து வயது வாசகி

நல்ல கேள்வி கேட்டாய் கண்ணே! கதையைத் தொடங்குவதற்கு முன்னால் ஒரு பெரிய தாளில் உன் கதைப் பெண்ணை மட்டும் வரை. நேராகப் பார்க்கும்போது ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முதுகு தெரிய ஒன்று. பிறகு சிரிப்பு, கோபம், தூக்கம், பயம். அவள் தலையை ஓர் அளவுகோலாக வைத்துக்கொண்டு உடம்பை அள. உயரம் நான்கு தலையா, ஐந்து தலையா? கை விரல் நுனி எதுவரை வருகிறது? அதை ஓரத்தில் எழுதி வை.

அடுத்து, அவளுக்கு எளிதான மூன்று அடையாளங்கள் கொடு. நெற்றியில் விழும் ஒரு சுருள் முடி, பெரிய பொத்தான் வைத்த சட்டை, எப்போதும் கழன்று தொங்கும் ஒரு காலுறை என்று எதுவானாலும் சரி. முகம் கொஞ்சம் மாறினாலும் இந்த மூன்றும் இருந்தால் படிப்பவர்கள் அவளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அந்தத் தாளை வரையும் இடத்துக்கு மேலே ஒட்டி வைத்துக்கொள். என் சுவரிலும் அப்படித்தான் ஒட்டியிருக்கிறது. கடைசிப் பக்கத்தை வரைந்து முடித்ததும் முதல் பக்கத்தைத் திரும்ப எடுத்துப் பார். பெரும்பாலும் அதைத்தான் மறுபடி வரைய வேண்டியிருக்கும், ஏனென்றால் கடைசிப் பக்கம் வருவதற்குள் அவளை உனக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

ஓவியருக்கு எழுத்தாளரைவிடக் குறைந்த மதிப்புதானே? வருமானம் எப்படி? ஒப்பந்தத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?
– ஓவியம் பயிலும் இளைஞர்

மதிப்பு குறைவாக இருந்தது உண்மை. ஆண்டுகளைப் பார்த்தாலே தெரியும். அமெரிக்காவில் சிறுவர் இலக்கியத்துக்கான நியூபெரி பதக்கம் 1922-இல் தொடங்கியது. படநூல் ஓவியருக்கான கால்டிகாட் பதக்கம் 1938-இல்தான் வந்தது. உலக அளவில் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது எழுத்தாளருக்கு 1956 முதலும், ஓவியருக்கு 1966 முதலும் வழங்கப்படுகிறது. இரண்டு இடத்திலும் படம் பின்னால் வந்துதான் வரிசையில் நின்றது. இன்றும் நூல் மதிப்புரைகளில், விற்பனைப் பட்டியல்களில் ஓவியர் பெயர் விடுபட்டுப்போகிறது. பிரிட்டனில் சாரா மெக்கின்டயர் என்ற ஓவியர் இதற்கெதிராக ஓர் இயக்கமே நடத்திவருகிறார். ஓவியர் பெயரைக் கேட்டு வாங்குவதைத் தற்பெருமை என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அந்தப் பெயரைப் பார்த்துத்தான் அடுத்த வேலை வரும்.

படநூலில் எழுத்தாளரும் ஓவியரும் ராயல்டியை, அதாவது விற்பனையிலிருந்து படைப்பாளிக்கு வரும் பங்கை, சரிபாதியாகப் பிரித்துக்கொள்வது உலகெங்கும் பரவலான வழக்கம். இரண்டையும் ஒருவரே செய்தால் முழுப்பங்கும் அவருக்கு. முன்பணம் என்பது தனிப் பரிசு அல்ல. பின்னால் வரப்போகும் ராயல்டியிலிருந்து முதலிலேயே தருவது. அது கழிந்த பிறகே அடுத்த தொகை வரும். ராயல்டி நூலின் விலையில் கணக்கிடப்படுகிறதா, பதிப்பகத்தின் கைக்கு வரும் தொகையில் கணக்கிடப்படுகிறதா என்று கட்டாயம் கேளுங்கள். சதவீதம் ஒன்றாகவே இருந்தாலும், இரண்டாவது கணக்கில் கிடைக்கும் பணம் கணிசமாகக் குறையும்.

ஒரே தொகை கொடுத்து எல்லா உரிமையையும் எழுதி வாங்கும் ஒப்பந்தம் வந்தால் நிதானியுங்கள். பாடநூல் ஓவியம், இதழுக்கான ஒரு படம் என்றால் அது நியாயமாக இருக்கலாம். நீங்களே படைத்த பாத்திரம் உள்ள கதைப்புத்தகத்துக்கு அப்படிக் கையெழுத்திடுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். மொழிபெயர்ப்பு, ஒலிநூல், அசைபடம், பொம்மை ஒவ்வொன்றும் தனித்தனி உரிமை. நூல் அச்சில் இல்லாமல் போனால் உரிமை உங்களிடம் திரும்ப வேண்டும் என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். மூல ஓவியங்கள் உங்களுடையவை, அவற்றைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். வாய்ச்சொல் போதாது.

படநூல் ஒன்றை வரைந்து முடிக்கப் பல மாதங்கள் ஆகும், ஓராண்டும் ஆகலாம். அதனால் தொடக்க காலத்தில் இதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவது கடினம். அட்டைப்படம், இதழ் ஓவியம், பாடநூல், பள்ளிகளில் பயிற்சி வகுப்பு என்று பலவும் செய்துதான் எங்களில் பெரும்பாலோர் நிற்கிறோம்.

எல்லாக் கதையிலும் ஒரு நீதி இருக்க வேண்டாமா?
– ஒரு தந்தை

வேண்டாம். நல்ல கதை படித்த குழந்தை தானாகவே எதையாவது எடுத்துக்கொள்ளும். அது நீங்கள் நினைத்ததாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

மரணம், பிரிவு போன்ற துயரமான விஷயங்களைச் சிறு குழந்தைகளுக்கு எழுதலாமா?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

எழுதலாம் ஐயா, எழுதவும் வேண்டும். குழந்தைகள் வாழும் வீடுகளில் தாத்தாவும் இறக்கிறார், நாய்க்குட்டியும் இறக்கிறது. அதைப் பற்றிப் பேச ஒரு புத்தகம் இல்லையென்றால் அவர்கள் தனியாக யோசித்துக்கொண்டிருப்பார்கள். 'தூங்கப் போய்விட்டார்', 'வெளியூர் போய்விட்டார்' என்று எழுதாதீர்கள். குழந்தை அதை அப்படியே நம்பித் தூங்குவதற்கே பயப்படும், அல்லது வாசலில் காத்திருக்கும். 'இறந்துவிட்டார்' என்று நேராக எழுதுங்கள்.

பாரத்தைப் படத்திடம் கொடுங்கள். முன் பக்கங்களில் தாத்தாவும் பேத்தியும் உட்கார்ந்திருந்த அதே நாற்காலியை, அதே கோணத்தில், அதே மாலை வெளிச்சத்தில் வரைந்து, ஆளில்லாமல் விட்டால் போதும். அதன் கீழே ஒரு வரியும் வேண்டாம். குழந்தை அந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் நிற்க விரும்புகிறதோ அவ்வளவு நேரம் நிற்கும். படித்துக் காட்டுகிறவர் அவசரப்பட்டுப் புரட்டிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

காகிதத்தில் வரைவது நல்லதா, கணினியிலா? செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைப் பயன்படுத்தலாமா?
– வடிவமைப்புத் துறை மாணவர்

காகிதமோ கணினியோ, கை எதில் சுதந்திரமாக ஓடுகிறதோ அதில் வரையுங்கள். நான் கெட்டியான பருத்திக் காகிதத்தில் நீர்வண்ணம் தீட்டுகிறேன். காய்ந்தால் வண்ணம் வெளிறும் என்பதால் ஈரத்தில் பார்க்கும்போது சற்று அடர்த்தியாகத் தோன்றும்படி வைக்க வேண்டும். எதில் வரைந்தாலும் அச்சின் விதிகள் பொதுவானவை. அச்சு அளவில் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும். நான்கு ஓரமும் வெட்டுக்கோட்டுக்கு வெளியே மூன்று மில்லிமீட்டர் வண்ணம் நீண்டிருக்க வேண்டும். நடுமடிப்பில் முகத்தையோ கண்ணையோ வைக்காதீர்கள்; பைண்டிங் அதை விழுங்கிவிடும். திரையில் மின்னும் பச்சையும் நீலமும் நான்கு வண்ண அச்சில் மங்கும்.

எழுத்தைப் படத்தின் மேல் கையால் எழுதிச் சேர்த்துவிடாதீர்கள். அச்சில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித் தகடு உண்டு. எழுத்து தனியாகக் கறுப்பில் இருந்தால், வேறு மொழிப் பதிப்புக்குக் கறுப்புத் தகட்டை மட்டும் மாற்றினால் போதும். மற்ற மூன்று வண்ணத் தகடுகளும் அப்படியே பயன்படும். பல மொழிப் பதிப்புகளைச் சேர்த்து அச்சிடும்போது இதனால் மிச்சமாகும் பணத்தில்தான் பல படநூல்கள் வெளிவரவே முடிகிறது.

செயற்கை நுண்ணறிவைப் பொறுத்தவரை, நான் பயன்படுத்துவதில்லை. மற்ற ஓவியர்களின் படங்களை அவர்கள் அனுமதி கேட்காமல் விழுங்கிப் பழகிய செயலிகள் இருக்கின்றன. அந்த வழியில் வந்த படத்தின் கீழே என் பெயரைப் போட மனம் ஒப்பவில்லை. உரிமைச் சிக்கலும் உண்டு. 2023-இல் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம், ஒரு சித்திரக் கதைநூலில் எழுத்தாளர் எழுதிய வரிகளுக்கும் அவற்றைப் படங்களோடு அடுக்கிய முறைக்கும் உரிமை அளித்து, செயலி உருவாக்கிய படங்களுக்குத் தர மறுத்தது. உங்கள் பாத்திரம் உங்களுக்கே சொந்தமில்லை என்றால் இந்தத் தொழிலில் பிறகு என்ன மிஞ்சும்?

என் கதையைப் பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிவிட்டன. நானே அச்சிடலாமா?
– ஓர் இல்லத்தரசி

'பீட்டர் ராபிட்' என்ற முயல் கதையை எழுதி வரைந்த ஆங்கிலேயர் பியாட்ரிக்ஸ் பாட்டர் அதைத்தான் செய்தார். நோயுற்றிருந்த ஒரு சிறுவனுக்கு 1893-இல் முயலின் படம் போட்டுக் கடிதம் எழுதினார். பின்னால் அதைக் கதையாக்கி அனுப்பியபோது பதிப்பகங்கள் மறுத்தன. 1901 டிசம்பரில் 250 பிரதிகள் சொந்தமாக அச்சிட்டார். அடுத்த ஆண்டே ஃபிரெடரிக் வார்ன் நிறுவனம் வண்ணப் படங்களோடு அதை வெளியிட்டது. சின்னக் கைகள் பிடிக்கும்படி நூலும் சிறிதாக இருக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

நீங்களும் அச்சிடலாம் அம்மா. ஆனால் அச்சுக்கு முன்னால் ஒரு நல்ல எடிட்டருக்கும் வடிவமைப்பாளருக்கும் செலவு செய்யுங்கள். குறைந்த பிரதிகள் போடுங்கள். விற்பனையும் உங்கள் தலையில்தான் என்பதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். 'உங்கள் கதையை நாங்கள் வெளியிடுகிறோம், செலவை நீங்கள் கொடுங்கள்' என்று வருகிறவர்களிடம் கவனமாக இருங்கள். நூல் விற்றால்தான் தங்களுக்கும் லாபம் என்ற நிலையில் இருப்பவரே உண்மையான பதிப்பாளர்.

பதிப்பகத்துக்கு என் ஓவியங்களைக் காட்ட விரும்புகிறேன். எவற்றை அனுப்ப வேண்டும்?
– புதிய ஓவியர்

பத்திலிருந்து பதினைந்து படங்கள் போதும். தனித்தனி அழகிய காட்சிகளைவிட, ஒரே பாத்திரம் மூன்று நான்கு காட்சிகளில் தொடர்ந்து வருவதை அனுப்புங்கள். கதை நடத்த உங்களால் முடியும் என்பதற்கு அதுதான் சான்று. குழந்தைகள் கட்டாயம் இருக்கட்டும், விலங்குகள் இருக்கட்டும், கூட்டமான காட்சி ஒன்றும் இரவுக் காட்சி ஒன்றும் இருக்கட்டும். கறுப்பு வெள்ளையில் சிலவற்றைச் சேருங்கள். சற்று வளர்ந்த குழந்தைகளின் நூல்களில் பெரும்பாலும் அதுதான் தேவைப்படும். எழுத்து வர வேண்டிய இடத்தைக் காலியாக விட்டு வரைந்த ஓர் இணைப் பக்கம் இருந்தால் கலை இயக்குநர் நிச்சயம் கவனிப்பார். மூல ஓவியத்தை எக்காரணத்தைக் கொண்டும் தபாலில் அனுப்ப வேண்டாம். ஸ்கேன் செய்த பிரதி போதும், அதில் உங்கள் பெயரும் தொடர்பு விவரமும் ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கட்டும்.